கெட்டி எண்ணெய் என்னும் நம்பிக்கை

மோட்டார் வாகனங்களைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் உபதேசங்களில், "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் தாங்கும், கம்பெனி ஆயில் தண்ணி மாதிரி இருக்கும், எஞ்சின் போயிடும்" என்பதைப் போல் சர்வ சாதாரணமாகச் சொல்லப்படுவதும், சொல்லப்பட்ட மாத்திரத்தில் நம்பப்படுவதும் வேறொன்று இல்லை. கார் வாங்கிய புதிதில் கம்பெனி சர்வீஸுக்கே ஒழுங்காகச் சென்றுகொண்டிருந்தவர், வாரண்டி முடிந்ததும் தமக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் வந்து சேருகிறார். அதுநாள் வரை 0டபிள்யூ-20 என்ற எண்ணெய் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குள், பட்டறையின் மூலையில் நிற்கும் டிரம்மிலிருந்து 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 பிடித்து ஊற்றப்படுகிறது. எஞ்சின் சத்தம் சற்றே அடங்கினாற்போல் காதுக்குத் தோன்ற, இருவரும் திருப்தியோடு பிரிகிறார்கள். அந்த மெக்கானிக்கின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவருடைய உபதேசம் நேற்றைய யந்திரத்துக்கு ஏற்பட்டது என்பதும், அதே சமயம், கம்பெனி அச்சிட்டுக் கொடுக்கும் எண்ணும் யந்திரத்தின் ஆயுளை மாத்திரமே கருதி இடப்பட்டதன்று என்பதும் என் அபிப்பிராயம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலொழிய, லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வாகனத்துக்கு எந்த எண்ணெய் உகந்தது என்ற சாதாரணக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காது.

எண்ணெய் என்ன காரியம் செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. 1883-ஆம் வருஷம் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற இஞ்சினியர், யந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஆதரவில், ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளில் உராய்வு எவ்வளவு என்று பரிசோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் துளைத்த துவாரத்தின் வழியாக எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வரக் கண்டு, அவர் அதை ஒரு மரமுளையால் அடைத்தார். அச்சு சுழன்றதும் அந்த முளையும் மெல்ல வெளியே தள்ளப்பட்டது. பாரம் முழுவதும் மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்க, அந்தப் பாரத்தையே தாங்கி நிற்கும் அழுத்தம் எண்ணெய்ப் படலத்துக்குள் தானாகவே உண்டாகிறது என்ற உண்மை இப்படித்தான் வெளிப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1886-இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித ரூபம் கொடுத்தார். சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னுடன் இழுத்துச் சென்று, ஒடுங்கிய இடைவெளியில் ஆப்பு அடித்தாற்போல் செருக, உலோகத்தை உலோகம் தொடாதபடி தண்டு அந்தப் படலத்தின்மேல் மிதக்கிறது. படலத்தின் கனத்தைத் தீர்மானிப்பவை மூன்று: எண்ணெயின் பாகுநிலை (கெட்டித்தன்மை), தண்டின் வேகம், அதன்மேல் இறங்கும் பாரம். வேகமும் பாரமும் யந்திரத்தை அமைத்தவரும் ஓட்டுபவரும் நிர்ணயிப்பவை. நாம் கடையில் நின்று தேர்ந்தெடுப்பது பாகுநிலை ஒன்றைத்தான்.

பாகுநிலை குறைந்தால் படலம் மெலிந்து உலோகங்கள் உரசும் என்பது எவருக்கும் எளிதில் புரியும் விஷயம். அது அளவுக்கு மீறினாலும் கேடு உண்டு என்பதுதான் மறந்துபோகிறது: எண்ணெய்க்குள்ளேயே ஏற்படும் இழுவை, சக்தியை விழுங்கி உஷ்ணமாக்குகிறது, குறுகிய பாதைகளில் எண்ணெய் தாமதமாகச் சென்று சேர்கிறது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் மார்கழி விடியற்காலையில் புட்டிக்குள் உறைந்து கிடப்பதையும், பங்குனி மத்தியானத்தில் நீராய் ஓடுவதையும் பார்த்திருக்கும் நமக்கு, எண்ணெயின் கெட்டித்தன்மை உஷ்ணத்துக்கு அடிமை என்பதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

டப்பாவின்மேல் காணும் எண்கள் இந்த அடிமைத்தனத்தின் கணக்கேயாகும். அமெரிக்காவில் 1905-இல் தோன்றிய மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கம், எஸ்.ஏ.இ., 1911-இல் முதன்முதலாக ஏற்படுத்திப் பிறகு பலமுறை திருத்திய வகைப்பாட்டின்படி, டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண் கடுங்குளிரில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப முடியுமா என்பதைக் குறிக்கும். 0டபிள்யூ எண்ணெயை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30-லும், 15டபிள்யூவை மைனஸ் 20-லும் சோதிக்கிறார்கள். பின்னால் நிற்கும் எண், எஞ்சின் சூடேறிய நிலையில், 100 டிகிரி செல்சியஸில் எண்ணெய்க்கு இருக்கும் பாகுநிலையைச் சொல்வது: 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள், 30 என்றால் 12.5-க்குள், 40 என்றால் 12.5-க்கு மேல் 16.3-க்குள் என்பது விதி. இதற்கும் மேலாக, பேரிங்கின் உள்ளே நிகழ்வதை ஒத்த கடும் வேகத்தில் 150 டிகிரியில் எண்ணெய் எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு சோதனை உண்டு. அதில் 20 என்ற வகை குறைந்தபட்சம் 2.6 அலகும், 30 என்ற வகை 2.9 அலகும், 15டபிள்யூ-40 குறைந்தபட்சம் 3.7 அலகும் காட்ட வேண்டும். அறை உஷ்ணத்தில் தண்ணீரின் பாகுநிலை இதே அலகில் ஏறக்குறைய 1 என்பதை நினைவில் வைத்தால், "தண்ணி" என்று இகழப்படும் எண்ணெய், 150 டிகிரிச் சூட்டிலும் சாதாரணத் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கெட்டியாகவே நிற்கிறது என்பது விளங்கும்.

ஊட்டியில்கூடக் குளிர்காலத்தில் பூஜ்ய டிகிரியை ஒட்டியே உறைபனி பெய்கிறதேயன்றி மைனஸ் 35 நமக்குக் கனவிலும் வராது. அப்படியிருக்க டபிள்யூவுக்கு முன் நிற்கும் எண்ணைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, ஆனால் பதில் அவர்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. 40 டிகிரியில், அதாவது சென்னையில் கோடை நாளின் மத்தியான வேளையில், நிறுத்தி வைத்த காரை எடுக்கும்போது, வழக்கமான 0டபிள்யூ-20 எண்ணெயின் பாகுநிலை சுமார் 45 சென்டிஸ்டோக்ஸ். 15டபிள்யூ-40 எண்ணெயினது சுமார் 110. எட்டோ ஒன்பதோ இருக்கும் எண்ணெயில் ஓடும்படி அமைக்கப்பட்ட எஞ்சினுக்கு, மிக மெல்லிய எண்ணெயே கிளப்பும் வேளையில் ஐந்து மடங்கு கெட்டியாக இருக்கிறது. கெட்டி எண்ணெயோ பன்னிரண்டு மடங்குக்கும் மேல். எண்ணெய் பம்பு தள்ளித் தரும்போது அழுத்தம் வரம்பு மீறினால், பாதுகாப்பு வால்வு திறந்து எண்ணெயில் ஒரு பகுதியை மறுபடி அடித்தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. பில்டரிலும் ஒரு வால்வு திறந்து, வடிகட்டப்படாத எண்ணெயையே உள்ளே விடுகிறது. அழுத்தம் உயர்ந்து நிற்பதைக் கண்டு மகிழும் அந்த நேரத்தில், பேரிங்குகளுக்கும் கேம்ஷாஃப்டுக்கும் போய்ச் சேரும் எண்ணெயின் அளவு குறைந்தே இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் கார்களில், எண்ணெய் முழுச் சூட்டை அடைவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. அவை நாள் முழுவதும் கிளப்பும் வேளையிலேயே வாழ்கின்றன என்று சொன்னாலும் தவறில்லை.

நம் மெக்கானிக்குகளின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயத்தோடு சொல்ல வேண்டும். அம்பாசடரும், பியட்டும், சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் சாலைகளில் ஆட்சி செய்த காலத்தில், எஞ்சினைத் திறந்து பிஸ்டன் ரிங் மாற்றுவதும், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதும் நித்திய காரியங்களாக இருந்தன. தேய்ந்த பாகங்களுக்கிடையே விரிந்த சந்துகளை அடைக்கவும், புகையைக் குறைக்கவும், எண்ணெய் குடிப்பதை நிறுத்தவும் கெட்டி எண்ணெய் மெய்யாகவே உதவியது. அன்றைய எண்ணெயும் இன்றையதைப் போல் சுத்திகரிக்கப்பட்டதல்ல; உஷ்ணம் ஏறினால் வெகு விரைவில் இளகிவிடும் சுபாவம் உடையது. ஆகவே அந்தத் தலைமுறைக் கைவினைஞர்கள் தம் அனுபவத்திலிருந்து கண்டெடுத்த விதி, அந்த யந்திரங்களைப் பொறுத்தவரை சரியான விதியே.

இன்றைய எஞ்சினில் மாறிவிட்ட முக்கியமான விஷயம், எண்ணெய் உயவுப் பொருளாக மட்டும் இல்லாமல் ஒரு வேலைக்காரனாகவும் ஆகிவிட்டது என்பதாகும். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை வேகத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு, மெல்லிய சல்லடைகளையும் சிறு துவாரங்களையும் தாண்டி வரும் எண்ணெயின் அழுத்தத்தினாலேயே அசைகிறது. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் முளையும் பெரும்பாலான எஞ்சின்களில் அதே எண்ணெயினால்தான் தள்ளப்படுகிறது. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நகர வேண்டும் என்ற கணக்கு கம்ப்யூட்டரில் எழுதப்பட்டிருக்க, அந்தக் கணக்கு குறிப்பிட்ட பாகுநிலையை மனத்தில் வைத்தே போடப்பட்டிருக்கிறது. டர்போ பொருத்திய சிறு எஞ்சின்களிலோ, நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றை எட்டக்கூடிய மெல்லிய தண்டு ஒன்று எண்ணெய்ப் படலத்தின்மேலேயே மிதக்கிறது. வண்டியைக் கிளப்பிய கணமே எண்ணெய் வந்து சேர வேண்டிய இடம் அது. இத்தகைய யந்திரத்தில் டிரம்மில் இருந்ததை ஊற்றிவிட்டு, மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிகிறதே என்று ஸென்ஸரை மாற்றுவதில் பணத்தைக் கரைப்பவர்களைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெயிலைப் பற்றிய வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்நீரின் உஷ்ணத்தைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 90 டிகிரியில் நிறுத்தி வைக்கிறது. சாதாரண ஓட்டத்தில் எண்ணெயும் அதையொட்டி 90 முதல் 110 டிகிரிக்குள் நிலைபெறுகிறது. லண்டனில் வெளியே 15 டிகிரியும் வேலூரில் 42 டிகிரியும் இருப்பதால் எண்ணெய்க்கு உண்டாகும் வித்தியாசம், நாம் கற்பனை செய்வதைவிடச் சிறியது. எண்ணெயை உண்மையில் சுடவைப்பது பாரமும், இடைவிடாத கடும் உழைப்பும்தான்: ஏழு பேரையும் மேற்கூரை மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, ஏர் கண்டிஷனரை நிறுத்தாமல் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் வாடகை வண்டியின் நிலை, வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போய் வரும் காரின் நிலையன்று.

கம்பெனிகள் எண்ணெயை மெல்ல மெல்ல மெலிதாக்கிக்கொண்டே வருவதன் காரணத்தை இனிச் சொல்ல வேண்டும். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் 1973-இல் நேர்ந்த தட்டுப்பாட்டுக்குப் பின், 1975-இல் அமெரிக்க காங்கிரஸ், ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்கள் அனைத்துக்கும் சராசரியாக இவ்வளவு மைலேஜ் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் செய்தது. எண்ணெயை ஒரு படி மெலிதாக்கினால் எரிபொருளில் மிச்சமாவது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான்; தனிமனிதர் தம் பர்ஸில் உணர முடியாத தொகை அது. ஆனால் லட்சக்கணக்கான கார்களின் சராசரியைக் கணக்கிடும் கம்பெனிக்கு, எஞ்சினில் ஒரு திருகைக்கூட மாற்றாமல் கிடைக்கும் லாபம். 2001-ஆம் வருஷ மாடல்களையொட்டிப் போர்டும் ஹோண்டாவும் அமெரிக்காவில் 5டபிள்யூ-20-க்குத் தாவின. பின்பு 0டபிள்யூ-20 வந்தது. 2013-இல் 16 என்ற வகையும், 2015-இல் 12, 8 என்ற வகைகளும் எஸ்.ஏ.இ. அட்டவணையில் புகுந்தன. இந்தியாவிலும் 2017 முதல் இதே போன்ற சராசரி விதி அமலாகி, 2022 முதல் மேலும் கடுமையாகியிருப்பதால், நம் ஊர்க் கார்களிலும் மெல்லிய எண்ணெய் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

இதில் மோசடி எதுவும் இல்லை. எண்ணெயின் தரம் உயர்ந்திருக்கிறது. உலோகப் பரப்புகள் முன்பு இல்லாத வழவழப்புடன் கடையப்படுகின்றன. அந்த மெல்லிய எண்ணெயோடு லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய கார்கள் உலகெங்கும் உண்டு. இருந்தாலும் படலம் மெலியும்போது, தவறுக்கு இருக்கும் இடமும் மெலிகிறது என்பதை மறைக்கலாகாது. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 2021 முதல் 2024 வரையிலான மாடல்களில் 6.2 லிட்டர் வி-8 எஞ்சின் பொருத்திய சுமார் ஆறு லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. கனெக்டிங் ராடிலும் கிராங்க்‌ஷாஃப்டிலும் நேர்ந்த உற்பத்திக் குறை பேரிங்குகளை அழித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை நிறுத்திவிடக்கூடும் என்று கண்டதே காரணம். பரிசோதனையில் தேறாத வண்டிகளுக்கு எஞ்சினைப் பழுது பார்ப்பது அல்லது மாற்றுவது. தேறிய வண்டிகளுக்கோ, 0டபிள்யூ-20-ஐ வடித்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றி, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியை மாற்றி, கையேட்டில் ஒரு புதுத்தாளைச் செருகித் தருவது என்று தீர்மானித்தது. பழைய எண்ணைத் தாங்கிய மூடியைக் கழற்றிவிட்டுப் புதிய எண் பொறித்த மூடியைத் திருகும் அந்தச் சிறு செயலில், கம்பெனியின் வாயினாலேயே ஒரு சாட்சியம் அடங்கியிருக்கிறது. 0டபிள்யூ-20 கெட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. குறை உற்பத்தியில்தான் இருந்தது. பரப்பில் கோளாறு இருந்தால், கனத்த படலம் அதைச் சற்றே மன்னிக்கும் என்பதுதான் அர்த்தம். இன்னும் பழைய உதாரணம் ஒன்று: போர்டு கம்பெனி தன் மஸ்டாங் ஜிடி காரின் 5 லிட்டர் எஞ்சினுக்கு 5டபிள்யூ-20 விதித்துவிட்டு, அதே குடும்பத்து எஞ்சினைப் பந்தயத் தடத்துக்கென்று வலுப்படுத்தி பாஸ் 302 என்ற பெயரில் விற்றபோது 5டபிள்யூ-50 விதித்தது. உபயோகம் மாறினால் எண்ணெயும் மாறலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கம்பெனியும் சொல்லிவிட முடியாது.

என் தீர்ப்பு இதுதான். காரோடு வந்த கையேடு எந்த எண்ணை விதிக்கிறதோ அதுவே முதல் பிரமாணம். டிரம்மும் வாய்வார்த்தையும் அதற்குப் பிற்பட்டவை. கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை அனுமதித்தால், மலைப்பாதையிலும் முழுப் பாரத்திலும் நெடுநேரம் ஓட்டுகிறவர் அந்த வரம்புக்குள் ஒரு படி மேலே போவது புத்திசாலித்தனம். நகருக்குள் சிறு பயணங்கள் செய்கிறவர் கீழ்ப்படியிலேயே நிற்கலாம். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்து, எண்ணெய் குடிக்கத் தொடங்கிவிட்ட எஞ்சினுக்கு, விஷயம் தெரிந்த மெக்கானிக்கைக் கலந்து ஒரு படி ஏறுவதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 0டபிள்யூ-20-இலிருந்து 20டபிள்யூ-50-க்குத் தாவுவது படி ஏறுவதாகாது. பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தேய்ந்த எஞ்சினின் சத்தத்தையும் புகையையும் விற்கிற வரைக்கும் அடக்கி வைக்க மிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றும் பழக்கம் சந்தையில் உண்டு. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, எண்ணெய் சந்தேகப்படும்படி கெட்டியாக இருந்தால், விலை பேசும் முன் எஞ்சினைச் சோதித்தாக வேண்டும்.

பாகுநிலை ஒன்றே எல்லாம் என்று நினைப்பதும் அரைகுறை ஞானமே. 2020 ஏப்ரல் முதல் அமலான பி.எஸ்.-6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதியின் பயனாக, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வந்துவிட்டது. சாம்பல் அதிகம் விடும் எண்ணெய் அதை அடைத்துவிடும், பாகுநிலை சரியாகவே இருந்தாலும். டர்போ பொருத்தி நேரடியாகப் பெட்ரோலைப் பாய்ச்சும் எஞ்சின்களில், எண்ணெயிலுள்ள சில சேர்மானங்கள் அகாலத் தீப்பற்றுதலைத் தூண்டி பிஸ்டனை உடைக்கவும் கூடும். அதைத் தடுக்கும் வகையில் அமைந்தது 2020-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தரம். ஆகவே எண்ணோடு தரக்குறியையும் சேர்த்தே படிக்க வேண்டும். மேலும், நெரிசலில் ஊர்ந்து, தூசியில் ஓடி, சூடேறுமுன் நிறுத்தப்படும் கார்களில் பெட்ரோல் எண்ணெயோடு கலந்து அதை நாளடைவில் இளகச் செய்கிறது. அநேகக் கையேடுகளில் "கடுமையான உபயோகம்" என்ற தலைப்பில் எண்ணெயைச் சீக்கிரம் மாற்றும்படி சொல்லியிருக்கும் பகுதி இதற்காகத்தான். அதில் வர்ணிக்கப்படும் கடுமை நம் நகரங்களின் அன்றாட ஓட்டமே. கெட்டி எண்ணெய் ஊற்றி இருபதாயிரம் கிலோமீட்டர் இழுப்பவரைக் காட்டிலும், விதித்த எண்ணெயைக் காலத்தில் மாற்றுபவரின் எஞ்சின் நெடுநாள் வாழும்.

கார்க் கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த எஞ்சினுக்கு எந்தெந்தப் பாகுநிலைகள் அனுமதிக்கத்தக்கவை, எந்த உஷ்ணத்திலும் எந்தப் பாரத்திலும் எதைத் தேர்ந்தெடுக்கலாம், மைலேஜை முன்னிட்டு விதித்தது எது, யந்திரத்தின் காப்பை முன்னிட்டு விதித்தது எது என்பதை ஒரே ஓர் அட்டவணையாக, ஓட்டுகிறவருக்கும் மெக்கானிக்குக்கும் புரியும் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். உள்ளதை மறைக்காமல் சொன்னால், டிரம்மை நம்பும் பட்டறைகளும் உங்களை நம்பத் தொடங்கும்.

வாசகர்கள் தம் பங்குக்குச் செய்யக்கூடியது அதைவிட எளியது. அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடுமுன் பானெட்டைத் திறந்து, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைப் பாருங்கள். பல கார்களில் எண் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அங்கே இல்லாவிட்டால் கையேட்டில் தேடுங்கள். அந்த எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மெக்கானிக்கின் கையில் கொடுங்கள். சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். ஊற்றிய எண்ணெயின் எண்ணும் தரக்குறியும் பில்லில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.